பல்லில் கடித்த துணி

குழந்தை பிறப்பதற்கு முன்பே நான் துணி கிழிக்க ஆரம்பித்துவிட்டேன். என் வீட்டுக்காரர் கட்டிய வேட்டிகள் தகரப் பெட்டியில் கிடந்தன. அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. துவைத்துத் துவைத்து, வெளிச்சத்தில் பிடித்தால் எதிரில் இருப்பவர் முகம் தெரிகிற அளவுக்கு மெலிந்துபோன வேட்டிகள். அவற்றோடு என் தங்கச்சியின் நூல் புடவைகளையும் எடுத்துக்கொண்டேன். பச்சைப் பிள்ளை உடம்பில் கடைத் துணியைப் படவிடுவது எங்கள் பக்கம் வழக்கம் இல்லை. பழந்துணிதான் மெத்தென்று இருக்கும். சதுரமாகக் கிழித்து, ஓரம் மடித்துக் கையால் தைத்து, குறுக்கே மடித்தால் முக்கோணமாக லங்கோடு கட்ட வருகிற மாதிரி ஒரு பெரிய அடுக்கு செய்து வைத்தேன்.

பிள்ளை பெறப்போகிறவள் என் தங்கச்சி மகள். தங்கச்சி இல்லை. இந்தப் பெண் காலேஜில் சேர்ந்த வருஷம் அவள் போய்விட்டாள். எனக்குப் பிள்ளை கிடையாது. அதை நான் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை, கேட்டவர்களுக்குப் பதில் சொன்னதும் இல்லை. தங்கச்சி மகளை நான்தான் படிக்க வைத்தேன், நான்தான் கட்டிக் கொடுத்தேன். சென்னையில் நல்ல இடம். உப்பளத்தில் உப்பு வாரிய கைதான், ஆனால் யாரிடமும் நீட்டிய கை இல்லை.

அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் அவள் மாமியார் போனில் பேசினார்கள். பிரசவத்தைச் சென்னையிலேயே வைத்துக்கொள்ளலாம், ஆஸ்பத்திரி வீட்டுக்கு எதிரிலேயே இருக்கிறது, வெயில் காலத்தில் அங்கே வந்து இவள் எதற்குக் கஷ்டப்பட வேண்டும் என்றார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். எனக்குத்தான் அம்மா இல்லாத பெண்ணுக்கு அம்மா வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டது போலப் பட்டது.

"தலைச்சன் புள்ளை அம்மா வூட்லதாங்க பொறக்கணும், சம்பந்தி. அவளுக்கு அம்மா வூடு இருக்குது. அஞ்சாம் மாசம் தாயையும் புள்ளையையும் நானே கொண்டாந்து உங்க கையில குடுக்கிறேன்" என்றேன்.

வாயால் சொன்னதுதான். ஆனால் நான் போனில் பேசினால் எங்கள் தெருவுக்கே கேட்கும். அப்புறம் அந்த அஞ்சு மாசத்தைக் காப்பாற்றுவதுதான் எனக்கு இருந்த ஒரே எண்ணம்.

மாசிக் கடைசியில் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. அங்கிருந்து சம்பந்தியும் மருமகனும் தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு காரில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மரக்காணம் வந்து, உள்ளே திரும்பி, எங்கள் தெருவுக்கு வந்தார்கள். தெருவில் கடைசி வீடு என்னுடையது. பின்னால் உறைகிணறு. அதற்குப் பின்னால் முள்வேலி. வேலி தாண்டினால் உப்பளம்தான், கண்ணுக்கு எட்டுகிற வரைக்கும். மாசி, பங்குனியில் பாத்தியெல்லாம் வெள்ளை பூக்கிற நேரம். ஆரத்தி எடுத்து உள்ளே கூட்டிவந்தேன். தாயையும் பிள்ளையையும் கொண்டுவந்து விட்டவர்கள் மறுநாள் கிளம்பிப் போனார்கள்.

அவர்கள் போனதும் தங்கச்சி மகள் ஒரு பையைத் திறந்தாள். டயப்பர் விஷயத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு விதத்தில் ஒரே மனசுதான். கடையில் விற்கிற, கட்டி எறிகிற டயப்பர் வேண்டாம் என்று அவளே முடிவு செய்திருந்தாள். வயிற்றில் பிள்ளை இருந்த காலம் முழுக்க அதைப் பற்றித்தான் போனில் படித்தாளாம். எனக்கு அந்த டயப்பரை வேறு வகையில் தெரியும். ஊருக்குள் எறிவதை நாய் இழுத்து வரும். கடைசியில் உப்பளத்துக்குத் தண்ணீர் போகிற வாய்க்காலில் வந்து விழும். விழுந்தால் தண்ணீரைக் குடித்துக் குடித்துத் தலையணை மாதிரி உப்பும். மடையில் போய் அடைத்துக்கொண்டால் வேலைக்குப் போகிற பெண்கள்தான் கையை விட்டு எடுத்துப் போட வேண்டும். நானும் எடுத்திருக்கிறேன். அதனால் அவள் துணிதான் என்றதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் அடுக்கை எடுத்து முன்னால் வைத்தேன்.

அவள் பையிலிருந்து எடுத்ததும் துணி டயப்பர்தான், ஆனால் அது வேறு சாதி. வெளியே யானையும் மேகமும் படம் போட்டு, மழைக்கோட்டு மாதிரி வழவழவென்று இருந்தது. இடுப்பில் வரிசையாக டிச் பட்டன். உள்ளே பை போல ஒரு திறப்பு, அதில் திணிக்கத் தடித்தடியாகப் பேட். பிள்ளை வளர வளர பட்டனை மாற்றிப் போட்டால் இரண்டு வயசு வரைக்கும் வருமாம்.

"இது புள்ளைக்கா, வண்டி சீட்டுக்கு உறையா?" என்று கேட்டேன்.

"உங்க லங்கோடுல ஒருவாட்டி உச்சா போனா பாய், போர்வை, என் நைட்டி எல்லாம் நனையுது பெரியம்மா. இது ரொம்ப நேரம் தாங்கும்."

"அது தாங்கும். புள்ளை தாங்குமா?"

அவள் சிரித்தாள். பகலில் என் லங்கோடு, தூங்கும்போதும் ஊசி போட வெளியே போகும்போதும் அவளுடைய யானை என்று பேசி முடித்தோம். புதுப் பேட்டை அப்படியே கட்டக் கூடாது, பல தடவை துவைத்துக் காய வைத்தால்தான் ஈரம் குடிக்கும் என்று அவள் சொன்னாள். அதையெல்லாம் நானே வாங்கிக்கொண்டேன். பிள்ளைத் துணி துவைப்பதை நான் யாருக்கும் விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரி, என்னோடு உப்பு வாரியவள், உதவிக்கு வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் தண்ணீர் இரண்டு வகை. பஞ்சாயத்துக் குழாயில் வருவது நல்ல தண்ணீர். அது தினம் வராது. வந்தாலும் வெயில் காலத்தில் நூலாக ஒழுகும். அது குடிக்க, சமைக்க, பிள்ளையைக் குளிப்பாட்ட. மற்ற எல்லாவற்றுக்கும் கிணற்றுத் தண்ணீர். நல்ல தண்ணீரில் துணி துவைத்தால் எங்கள் தெருவில் பைத்தியக்காரி என்பார்கள். கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. அதனால் என்ன, இன்னும் நாலு தேய் தேய்த்துக்கொள்வோம். நான் பிறந்ததிலிருந்து அப்படித்தான் துவைத்திருக்கிறேன். கக்காவைத் தனியாக அலசிவிட்டு, வெந்நீரில் ஊறவைத்து, சோப்புப் போட்டுக் கசக்கி, அலசிப் பிழிந்து, வேலி ஓரக் கொடியில் காயப்போடுவேன். உப்பளத்துக் காற்றும் வெயிலும் சேர்ந்தால் அந்தத் தடிப் பேட் கூட மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். சென்னையில் பால்கனியில் போட்டால் ரெண்டு நாள் ஆகும் என்று அவளே சொன்னாள். அந்த வார்த்தையை நான் பக்கத்து வீட்டுக்காரியிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

கொடியிலிருந்து எடுத்த துணியைத் தங்கச்சி மகள் கையில் வாங்கிப் பார்த்து, மொடமொடவென்று இருக்கிறது என்றாள்.

நான் வாங்கி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தேன். பூப்போல இருந்தது. "உன்னுது லேப்டாப் தட்டுற கை. அதுக்கு எல்லாம் மொடமொடன்னுதான் இருக்கும்" என்றேன்.

பங்குனி பாதியில் பிள்ளைக்குத் தொடை இடுக்கில் சிவந்தது. வெயில் சூடு என்று தேங்காய் எண்ணெய் தடவினேன். சிவப்பு பரவி பிட்டம் முழுக்க வந்தது. தோல் மினுமினுவென்று ஆகி, அப்புறம் உரிந்தது. ஒவ்வொரு தடவை உச்சா போகும்போதும் பிள்ளை உடம்பை முறுக்கிக்கொண்டு வீறிட்டு அழும். அந்த அழுகை வருவதற்கு முன்னால் ஒரு நொடி மூச்சை இழுத்துப் பிடிக்கும். தூக்கினாலும் வலி, போட்டாலும் வலி.

மழைக்கோட்டுத் துணிதான் காரணம், காற்று போகவில்லை என்று சொன்னேன். யானையை நிறுத்திவிட்டு முழுக்க லங்கோட்டுக்கு வந்தோம். இன்னும் மோசமாகியது. ஆரம்பச் சுகாதார நிலையத்து நர்ஸ் களிம்பு கொடுத்து, ஈரம் படாமல் வையுங்கள், அடிக்கடி மாற்றுங்கள் என்றார்கள். அதற்கு மேல் அடிக்கடி எப்படி மாற்றுவது என்று தெரியாத அளவுக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். மாற்ற மாற்றத் துணி வேண்டும், துணிக்காகத் துவைக்க வேண்டும். கிணற்றடியிலிருந்து நான் எழுந்திருக்கவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரி வந்து பார்த்துவிட்டு அக்கி என்றாள். குயவரைக் கூப்பிட்டு காவி குழைத்து எழுதிவிட்டால் அடங்கிவிடும் என்றாள். தங்கச்சி மகள் அதற்கு ஒப்பவில்லை. நான் வாசலில் மிளகாய் சுற்றிப் போட்டதை மட்டும் தடுக்கவில்லை.

ஒரு விஷயம் எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். மத்தியானம் கலகலவென்று காய்ந்த துணியை மடித்து அலமாரியில் வைப்பேன். சாயங்காலம் கடல் காற்று திரும்பியதும் அதை எடுத்தால் ஈரமாக இருக்கும். தண்ணீர் படாத துணி தானாக நசநசக்கும். சரியாகக் காயவில்லை என்று நினைத்து மறுநாள் இன்னும் அதிக நேரம் கொடியில் விட்டேன். இன்னும் அதிக நேரம் அந்தக் காற்றில் விட்டேன். சாயங்காலக் காற்றில் உப்பு கசியும் என்று உப்பளத்துக்காரிக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. குவியலில் கசிந்தால் கண்ணில் படும். பிள்ளைத் துணியில் கசியும் என்று யார் நினைக்கிறார்கள்?

ஒரு நாள் காலையில் தங்கச்சி மகள் பிள்ளைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். ஒரு கையால் இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கிப் பிடித்து, மறு கையால் களிம்பு தடவவேண்டும். மாற்றுத் துணியைக் கீழே வைத்தால் பிள்ளை உதைத்துவிடும். அதனால் அதைப் பல்லில் கடித்துப் பிடித்துக்கொள்வோம். நானும் அப்படித்தான் செய்வேன். அவளுக்கு அன்றுதான் அந்த யோசனை வந்தது. கடித்தவள் அப்படியே நின்றாள். பிள்ளையின் காலை மெதுவாகக் கீழே விட்டுவிட்டு, துணியை வாயிலிருந்து எடுத்துப் பார்த்தாள். மறுபடியும் நாக்கில் வைத்தாள்.

"பெரியம்மா, இது உப்பு கரிக்குது."

அடுக்கிலிருந்து இன்னொன்றை எடுத்து நாக்கில் வைத்தாள். அதுவும் கரித்தது. யானையின் பேட்டை எடுத்தாள். அதை வைத்ததும் முகத்தைச் சுளித்துத் துப்பினாள்.

நான் வாங்கிக் கடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. துணி மாதிரி இருந்தது. எத்தனையோ தடவை பல்லில் கடித்த அதே துணி. நன்றாக எச்சில் ஊறும்வரை வாயில் வைத்திருந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரிக்கிறது என்று பொய் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அப்போது அவள், அலசின தண்ணீர் எது என்று கேட்டாள். கிணற்றுத் தண்ணீர் என்று அவளுக்கே தெரியும். இருந்தாலும் கேட்டாள். நான் சொன்னேன். ஒரு டம்ளரில் மொண்டு வந்து அவள் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். அந்தக் கிணற்றைப் பார்த்து வளர்ந்தவள்தான் அவளும். பல வருஷம் சென்னையில் தண்ணீர் குடித்த நாக்கு அந்த ஒரு வாயைக் கீழே இறக்கவில்லை.

"நாங்கள்லாம் இதுல துவைச்ச துணியிலதான வளர்ந்தோம்" என்றேன்.

"அப்ப கிணறு இப்படி இல்ல பெரியம்மா. வருஷா வருஷம் கரிப்பு ஏறுது. உங்களுக்குத் தெரியல, அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சுலபமாகச் சொல்லிவிட்டாள். பூப்போல இருக்கிறது என்று சொன்ன கையும், ஒன்றும் இல்லை என்று சொன்ன நாக்கும் என்னுடையவை. இதற்கு மேல் நான் எதை வைத்து ஒரு துணி நல்லதா கெட்டதா என்று பார்ப்பது?

அன்றிலிருந்து பிள்ளைத் துணிக்கு நல்ல தண்ணீர்தான். குழாயில் வந்ததை நாங்கள் குடிக்காமல் துணிக்கு வைத்தோம். குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கினோம். கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீரையே ஊற்றிய நாளும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரி வேலியில் சாய்ந்து நின்று, "மினிஸ்டர் வூட்டுப் புள்ளை கூட கேன் தண்ணியில கோவணம் அலசாது யக்கா" என்றாள். வேறு நேரமாக இருந்தால் நானும் இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். கொடியைத் தூக்கி வீட்டுக்குள் கட்டினேன். வெளிக்காற்று படாமல் காற்றாடிக்கு அடியில் துணி காய்ந்தது. காய நேரம் பிடித்தது, ஆனால் பிள்ளையின் தோலில் ஓரத்தில் புதுத் தோல் தெரிந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, கண் பட்டுவிடும் என்று.

அப்புறம் சித்திரை வெயிலில் பஞ்சாயத்து மோட்டார் எரிந்துபோனது. குழாய் நின்றது. கேன் வண்டிக்குக் கிராக்கி ஏறி, எங்கள் கடைசித் தெருவரை வருவதற்குள் காலியாகிவிடும். சொல்லிவைத்தால் ஒன்று வரும், அது குடிக்கப் போய்விடும். துணி மறுபடியும் கிணற்றடிக்கு வந்தது. வேறு என்ன செய்வது? கட்டாமல் விட்டுப் பார்த்தோம். பிள்ளை நனைந்த பாயிலேயே கிடந்தது. புதுத் தோல் வந்த இடம் மறுபடி உரிந்தது.

அந்த நாட்களில் நான் வானத்தைப் பார்த்தேன். எங்கள் ஊரில் சித்திரையில் யாரும் மழை கேட்க மாட்டார்கள். பாத்தியில் உப்பு நிற்கிறது, வரப்பில் குவியல் கிடக்கிறது. ஒரு மழை வந்தால் அத்தனை பேர் வேலையும் கரைந்து போகும். சின்ன வயசிலிருந்து மழைக் கருக்கல் கண்டால் பயந்தவள்தான் நானும். அப்போது கிழக்கே கொஞ்சம் கறுத்ததும், வந்துவிடு, ஒரு அண்டா நிறைகிற அளவுக்கு வந்துவிட்டுப் போ என்று கேட்டேன். கேட்டபோது பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. மழையும் வரவில்லை.

திண்டிவனம் போகிற வழியில் உள்ளே ஒரு கிராமத்தில் என் வீட்டுக்காரருக்குச் சொந்தம் இருக்கிறது. நிலக்கடலை விளைகிற மல்லாட்டைக் கொல்லை, பம்ப்செட்டில் சர்க்கரை மாதிரித் தண்ணீர். கக்காவை மட்டும் அலசிவிட்டு எல்லா லங்கோட்டையும் மூட்டையாகக் கட்டி, காலையில் பஸ் ஏறினேன். மூட்டையை மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்த பெண் கொஞ்ச நேரத்தில் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டாள். வாசனைதான். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வருஷக்கணக்கில் அவர்கள் வீட்டு வாசலுக்கு நான் போனதில்லை. போனால் ஏதாவது கேட்க வந்தாள் என்று நினைப்பார்கள் என்று போகாமல் இருந்தவள். போய், உங்களைப் பார்க்கத்தான் வந்தேன் என்றேன். அவர்கள் மூட்டையைப் பார்த்தார்கள். உடனே பம்ப்செட்டைப் போட்டுவிட்டார்கள்.

அங்கே ஒரு கூத்து. வீட்டில் தேய்க்கிற அளவுக்கே சோப்பைத் தேய்த்துவிட்டேன். நுரை பொங்கித் தொட்டியை விட்டு வழிந்து வாய்க்காலில் ஓடியது. அலசினால் நுரை, பிழிந்தால் நுரை, போகவே இல்லை. அவ்வளவு நுரையை என் கையில் நான் பார்த்ததில்லை. கொல்லைக்காரர்கள் சிரித்தார்கள். துணியை வெயிலில் மோட்டார் ரூம் மேல் விரித்துக் காய வைத்து, மடித்துக் கட்டிக்கொண்டு திரும்பினேன். துணி எப்படி இருந்தது என்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எனக்கு எப்போதும் இருந்தது போலத்தான் இருந்தது.

தெருவில் நுழையும்போது என் வாசலில் கார் நின்றது.

சம்பந்தியம்மா உள்ளே பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். மருமகன் வெளியே போன் பேசிக்கொண்டிருந்தான். தங்கச்சி மகள் எழுந்து வந்து என் கையிலிருந்த மூட்டையை வாங்கினாள்.

"நான்தான் போன் பண்ணேன் பெரியம்மா" என்றாள்.

வழியெல்லாம் நான் யோசித்திருந்தது வேறு. சம்பந்தி ஒரு நாள் வருவார்கள், நாக்கில் நரம்பில்லாமல் நாலு வார்த்தை சொல்வார்கள், நான் எட்டு வார்த்தை சொல்ல வேண்டும் என்று பதில்களைச் சேர்த்து வைத்திருந்தேன். அவர்கள் என்னைப் பார்த்ததும், "வெயில்ல எங்க போய்ட்டு வர்றீங்க, மொதல்ல உக்காருங்க" என்றார்கள். அப்புறம், "நீங்க என்ன பண்ணுவீங்க சம்பந்தி. தண்ணி அப்படி" என்றார்கள். சேர்த்து வைத்த பதிலில் ஒன்றுகூட அதற்குப் பொருந்தவில்லை.

கூட்டிக்கொண்டு போகிறோம் என்று அவர்கள் சொல்லவில்லை. தங்கச்சி மகள்தான் சொன்னாள், பிள்ளை ஆறும்வரை அங்கே போய் இருக்கிறேன் என்று. என்னிடம் மிச்சம் இருந்தது ஒன்றுதான். அதைச் சொன்னேன்.

"இது ரெண்டாம் மாசம்மா. ரெட்டை மாசத்துல தாயையும் புள்ளையையும் அனுப்பற வழக்கம் இல்ல."

அவள் மாமியார் மடியில் இருந்த பிள்ளையைத் திருப்பி, மேலே போர்த்தியிருந்த துணியை விலக்கினாள். நான் காலையில் பார்த்ததைவிட அதிகமாக இருந்தது. ஓரிடத்தில் ரத்தம் கசிந்திருந்தது.

"இதுக்கு மாசம் தெரியுமா பெரியம்மா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அழுதுகொண்டே சொன்னாள்.

நான் எழுந்து போய் அவள் துணிமணிகளை எடுத்து வைத்தேன்.

காரில் அவர்கள் கட்டி எறிகிற டயப்பர் கொண்டுவந்திருந்தார்கள். களிம்பைத் தடவி அதைக் கட்டினார்கள். வாய்க்காலில் கிடந்தபோது எத்தனை திட்டியிருப்பேன் அதை. கட்டிய கொஞ்ச நேரத்தில் பிள்ளை மூச்சை இழுத்துப் பிடித்தது. முகம் சுருங்கியது, அப்புறம் விரிந்தது. உச்சா போய்விட்டது. அழுகை பாதிதான் வந்தது. அந்தப் பாதி அழுகையைக் கேட்டபோது, போகட்டும் என்று எனக்கே தோன்றியது.

பம்ப்செட்டில் துவைத்த மூட்டையைத் தங்கச்சி மகள் மடியில் வைத்துக்கொண்டாள். யானை போட்டதையெல்லாம் விட்டுவிட்டாள். உப்பேறிய பேட்டெல்லாம் பலகை மாதிரி இருக்கிறது, இனி ஆகாது என்றாள். தெருவில் எல்லாரும் வாசலில் நின்றார்கள். ஏன் இப்பவே என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அவர்கள் கிளம்பிய அதே வாரத்தில் மழை வந்தது. கேட்டபோது வராதது, மத்தியானத்தில் திடீரென்று இருட்டிக்கொண்டு வந்து கொட்டியது. தெருவில் இருந்த எல்லாரும் தார்ப்பாயும் கீற்றும் தூக்கிக்கொண்டு உப்பளத்துக்கு ஓடினார்கள். நான் அண்டா, குடம், வாளி, குண்டான் எல்லாவற்றையும் இழுத்துவந்து கூரைத் தண்ணீர் விழுகிற இடத்தில் வரிசையாக வைத்தேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டுக்காரி, "யக்கா, ஒரு முனை புடி" என்று கத்தினாள். அப்போதுதான் நானும் ஓடினேன். முக்கால்வாசிக் குவியலை மூடினோம். மீதி எங்கள் காலடியில் கரைந்து ஓடியது.

நனைந்துபோய்த் திரும்பி வந்தபோது என் பாத்திரமெல்லாம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அவள் முந்தானையைப் பிழிந்துகொண்டே அந்த வரிசையைப் பார்த்தாள்.

"யாருக்குக்கா இவ்ளோ தண்ணி?"

மறுநாள் யானைகளையெல்லாம் எடுத்து அந்த மழைத் தண்ணீரில் ஊறவைத்தேன். சோப்பைக் கொஞ்சமாகப் போட்டேன், அப்படியும் நுரைத்தது. ஊறவைத்துப் பிழிந்து, மறுபடி ஊறவைத்து, அண்டா காலியாகிற வரைக்கும் அலசினேன். வீட்டுக்குள் கொடியில் காய வைத்தேன். காய்ந்ததும் ஒரு பேட்டைப் பல்லில் கடித்துப் பார்த்தேன். தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு ஒன்றைக் கொடுத்தேன். அவளும் கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு, கல்யாணச் சாம்பாருக்கு ருசி பார்க்கிறவள் மாதிரி நின்றாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு துணியை வாயில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் நின்றோம்.

"கரிக்குதான்னு எனக்கும் தெரியலக்கா" என்றாள்.

தங்கச்சி மகள் போனில் படத்தோடு பேசுகிறாள். பிள்ளைக்குத் தோல் நன்றாக ஆறிவிட்டது. திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். பகலில் என் லங்கோடுதான் கட்டுகிறாளாம். சென்னைத் தண்ணீரில் அது எவ்வளவு மெத்தென்று ஆகிவிட்டது தெரியுமா என்றாள். தெரியாது. மழைக்காலத்தில் கிணறு இனித்ததும் வருகிறேன் என்கிறாள். கிணறு இனிக்கிறதா என்று பார்த்துச் சொல்ல நான்தான் இங்கே இருக்கிறேன், அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

இந்த வாரம் அஞ்சாம் மாசம் பிறக்கிறது. தாயையும் பிள்ளையையும் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொன்ன மாசம். விடுவதற்கு இங்கே யாரும் இல்லை. ஆனாலும் வாங்கி வைத்த வெள்ளிக் கொலுசும் சட்டையும் இருக்கிறது, பலகாரத்துக்கு மாவு இடித்து வைத்திருக்கிறேன். யானைத் துணியையும் மடித்து ஒரு பையில் போட்டுக் காற்றுப் புகாமல் இறுகக் கட்டியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மரக்காணத்தில் சென்னை பஸ் ஏறுகிறேன். போனதும் அவள் கடித்துப் பார்த்துச் சொல்லட்டும்.